கல்முனைக்குடியில் காத்திருந்த சீனத் தேயிலை



உங்கள் குசினியில் ஒரு பைக்கட் தேயிலை எத்தனை நாளைக்கு நிற்கும்? நாலு பேர் உள்ள வீடென்றால் இரண்டு கிழமை. விருந்தாளிகள் வந்து போகிற வீடென்றால் ஒரு கிழமை. உடைத்த பைக்கட்டை மறந்துபோய் ஒரு வருடம் கழித்து எடுத்தால் அதில் சாயம் இருக்கும், வாசம் இராது. அதனால், பத்து வருடம், இருபது வருடம் வேண்டுமென்றே வைத்திருந்து குடிக்கிற தேயிலை ஒன்று உலகில் உண்டு என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். அந்தத் தேயிலையைச் சீனா போய்க் குடிக்க வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டக் கடற்கரையில், நமது கல்முனைக்குடியில், என் ராத்தாவின் வீட்டில் வைத்தே குடித்தேன். அதை ஏன் ஐந்து வருடமாக ஒருவரும் தொடவில்லை என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

நான் ஓதிக்கொடுப்பது மலைநாட்டு அரபுக் கல்லூரி ஒன்றில். ஜன்னலைத் திறந்தால் தேயிலைதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று தேயிலை நட்ட லூல்கந்துரை தோட்டம் எங்கள் கண்டி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஷவ்வாலில் கல்லூரி திறப்பதற்குள் குடும்பத்தைப் பார்த்து வரலாம் என்று கண்டியில் பஸ் ஏறினேன். மஹியங்கனைக்கு இறங்கும் வளைவுகளில் தேயிலை முடிந்துவிடும். பிறகு காடு, மஹாஓயா, அம்பாறை. அதற்கப்பால் வயல். காரைதீவுச் சந்தியில் வடக்கே திரும்பினால் சாய்ந்தமருது, அதையடுத்து கல்முனைக்குடி. எங்கே ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது வெளியூர்க்காரருக்குப் புரியாது. வீதிக்கு மேற்கே வயலும் கிழக்கே கடலுமாக, நடுவில் இடைவெளியில்லாமல் வீடுகள். கடற்கரைப் பள்ளியை நாகூர் ஆண்டகையின் பெயரால் நடக்கும் கொடியேற்றத்தினால் நாடெங்கும் அறிவார்கள்.

கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்த வழக்கம். கலியாணம் முடித்த ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். ராத்தாவின் வீடும் எங்கள் வாப்பா அவருக்குக் கட்டிக் கொடுத்ததுதான். மச்சான் அங்கே வந்து குடியேறியவர். ஆகையால் மச்சான் 2020இல் வபாத்தானபோது வீட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கடையிலிருந்த சரக்கு, வங்கிக் கணக்கு, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் கடனடைத்து, முறைப்படி பங்கிட்டார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஒரு மகனுக்கும் இரண்டு மகள்மாருக்கும், மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில். முப்பத்திரண்டாகப் பிரித்தால் ராத்தாவுக்கு 4, மகனுக்கு 14, மகள்மாருக்குத் தலா 7 என்று கணக்கு முழுசாக வரும்.

பிரிக்க முடியாமல் எஞ்சியது ஒன்றுதான்: மரஅலுமாரி நிறைய மச்சான் சேர்த்து வைத்திருந்த சீனத் தேயிலை.

மச்சான் கல்முனைக் கடைத்தெருவில் பென்சிச் சாமான் வியாபாரம் செய்தவர். சரக்கெடுக்க 2003இல் முதன்முதல் சீனாவின் குவாங்சோ நகருக்குப் போனார். அங்கே ஃபாங்சுன் என்ற இடத்தில் தேயிலைக்கென்றே ஒரு மொத்தச் சந்தை இருக்கிறது. தெருத் தெருவாகக் கடைகள். வாங்க வந்தவரை உட்கார வைத்து, சின்னஞ்சிறு கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்களாம். நம் ஊர்ப் புடவைக் கடையில் சோடா உடைத்துக் கொடுப்பது போல. முதல் பயணங்களில் கொண்டுவந்த கட்டிகள் 2004 டிசம்பர் 26இல் கடலோடு போயின. அந்தக் காலையில் இந்தக் கரையில் போனவற்றை எண்ணினால் தேயிலை ஒரு பொருட்டே அல்ல. மச்சானும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. 2006இலிருந்து திரும்பவும் சேர்க்கத் தொடங்கினார்.

இந்தத் தேயிலையின் பெயர் பூஅர். சீனாவின் தென்மேற்கே யூனான் மாகாணத்தில் விளைவது. நமது தேயிலைக்கும் இதற்கும் செடியில் பெரிய வேற்றுமை இல்லை, பக்குவத்தில்தான் வேற்றுமை. நாம் கொழுந்தை வாட்டி, அரைத்து, காற்றுப் பட்டுச் சிவக்க விட்டு, பிறகு சூளையில் நன்றாகக் காய வைக்கிறோம். அத்தோடு இலையின் வேலை முடிந்துவிடும். அவர்களோ இலையை இரும்புச் சட்டியில் மிதமாக வதக்கி, கசக்கி, வெயிலில் உலர்த்துகிறார்கள். கடுஞ்சூடு படாததால் இலையில் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கும். பிறகு ஆவியில் இளக்கி வட்டக் கட்டியாக அழுத்துவார்கள். நம்முடைய ரொட்டி அளவு. நிறை 357 கிராம். ஏழு கட்டிகளை அடுக்கி, மூங்கிலின் உலர்ந்த மடலால் சுற்றிக் கட்டுவார்கள். காற்றும் ஈரமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அந்த இலையில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்ய, பச்சைக் கசப்பு தணிந்து, நிறம் கருஞ்சிவப்பாகி, வேறொரு பொருளாகிவிடுகிறது. அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்களுக்காக, குவித்து நீர் தெளித்து மூடி, சில வாரங்களில் பழுக்க வைக்கும் முறையை 1970களில் கண்டுபிடித்தார்கள். அது வேறு வகை.

நொதிக்கிறது என்றவுடன் சில சகோதரிகளுக்குச் சந்தேகம் வரலாம். இதில் போதை கிடையாது. சாராயமாக மாறுகிற நொதிப்பு அல்ல இது. தயிர் புளிப்பதைப் போல, இடியப்ப மா புளிக்காமல் தோசை மா புளிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதை ஏன் பிரிக்க முடியவில்லை? பத்தொன்பது பச்சை வகைக் கட்டிகள். ஆறு பழுக்க வைத்தவை. இரண்டு செங்கல் வடிவத் தேயிலை. மூங்கில் கூடையில் லியூபாவ் என்ற இன்னொரு வகை. எண்ணிப் பிரிக்கலாம் என்றால், ஒரு கட்டியின் விலை மற்றதன் விலையல்ல. ஒன்று சில ஆயிரம் ரூபாய் பெறும், பக்கத்திலிருப்பது அதைப் போலப் பத்து மடங்கு பெறலாம். ஊரில் விலை சொல்லத் தெரிந்தவர் ஒருவருமில்லை. மருமகன், அதாவது ராத்தாவின் மகன், “சொந்தக்காரருக்குக் கொடுத்திடுவம்மா, வாப்பாக்கு நன்மை சேரட்டும்” என்றான். நல்லெண்ணம்தான். ஆனால் இளைய மகளுக்கு அப்போது வயது 11. ராத்தா சொன்ன பதில் இது: “சின்னவட பங்கும் இதுக்குள்ள கிடக்கு. அவள் பெரிய பிள்ளையாகி, விளங்கிச் சொல்லுற வரைக்கும் ஒரு இலையும் கிள்ளப்படா.”

கல்விமான்களின் குடும்பங்களில்கூட இந்த இடத்தில் கை நழுவுவதைக் கண்டிருக்கிறேன். மையித்து வீட்டில் மூன்றாம் நாள் தேத்தண்ணி ஊற்றுகிறார்களே, அந்தத் தேயிலையும் சீனியும் யாருடையவை என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்? எத்தீமின் பொருளில் அவனுக்காக வேறொருவர் தர்மம் செய்ய முடியாது. பிள்ளை “சரி” என்றாலும் அந்தச் சரி செல்லாது. பருவமும் வர வேண்டும், கொடுக்கல் வாங்கலில் பக்குவமும் வர வேண்டும் என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தில் பார்க்கலாம். ராத்தா அதிகம் ஓதிப் படித்தவர் அல்ல. அலுமாரியைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

இப்போது அந்தப் பிள்ளைக்கு 16 முடிந்துவிட்டது. தையல் எடுத்துக் கொடுத்து, தன் கணக்கைத் தானே எழுதுகிறாள். நால்வரும் கூடி அலுமாரியைத் திறக்க நாள் குறித்து எனக்கும் சொல்லியனுப்பியிருந்தார்கள். எனக்கு இதில் பங்கில்லை. பங்கில்லாதவன் முன்னால் இருப்பது நல்லது என்று ராத்தா நினைத்திருக்கலாம்.

மச்சானுக்குத் தேயிலை விற்ற சீன வியாபாரி ஒருவருக்கு, மேலுறைகளைப் படம் பிடித்து மருமகன் கைப்பேசியில் அனுப்பியிருந்தான். உறையில் சில இலக்கங்கள் இருக்கும். உதாரணத்துக்கு 7542. முதல் இரண்டும் அந்தக் கலவை உருவான ஆண்டு, 1975. மூன்றாவது இலையின் தரம். கடைசி 2 என்பது மெங்ஹாய் தொழிற்சாலையின் இலக்கம். கட்டி செய்யப்பட்ட ஆண்டு இதில் இல்லை. இதை அறியாமல் 1975ஆம் ஆண்டுத் தேயிலை என்று ஏமாறுகிறவர்கள் உண்டாம். போலி உறைகளும் ஏராளம். வியாபாரி நேர்மையானவர். “படத்தைப் பார்த்துப் பாதி விலைதான் சொல்ல முடியும். மறு பாதியைக் குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். அது எந்தக் காற்றில் இருந்தது என்பதற்குத்தான் விலை” என்று எழுதியிருந்தார்.

அந்தக் காற்று பற்றி ஒரு வார்த்தை. மிக வறண்ட இடத்தில் இந்தத் தேயிலை அப்படியே தூங்கிவிடும். மிக ஈரமான இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 60 முதல் 70 வரை நல்லது என்பார்கள். நமது கரையில் மார்கழி மழைக்குச் சுவரே வியர்க்கும். வைகாசி பிறந்து கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் உதடு வெடிக்கும். ஒரு வருடத்துக்குள் ஈரமும் வறட்சியும் மாறி மாறி. வெக்கை வருடம் முழுவதும். ஹொங்கொங்கிலும் மலேசியாவிலும் வைத்த தேயிலை வேகமாக முதிர்வதற்குச் சொல்லும் காரணமும் இந்த வெக்கையும் ஈரமும்தான். மச்சான் மழைக்காலத்தில் அலுமாரியை இறுகச் சாத்தி, கச்சானில் கதவைச் சற்றுத் திறந்து வைப்பாராம்.

நால்வரும் வாய்விட்டு சம்மதம் சொன்ன பிறகு, ஒவ்வொரு வகையிலும் ஒரு கரண்டியளவு உடைத்தெடுத்தோம். கிணற்றுத் தண்ணீரில் உப்பு ருசி இருப்பதால் குழாய்த் தண்ணீரைக் கேத்தலில் தளதளவென்று கொதிக்க வைத்தார் ராத்தா. மூடியுள்ள சிறு பீங்கான் கிண்ணத்தில் இலையைப் போட்டு, முதல் தண்ணீரை ஊற்றியவுடன் கொட்டிவிட வேண்டும். அது தூசு போகக் கழுவுவது. பிறகு ஊற்றி, பத்து எண்ணுவதற்குள் வடித்துவிட வேண்டும். அதே இலைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதலாக ஊற விட வேண்டும். சீனி இல்லை, பால் இல்லை.

முதலில் 2006இன் பச்சை வகை. இதை மச்சானே ஒரு முறை, வாங்கிய புதிதில், எனக்கு ஊற்றித் தந்திருந்தார். வேப்பங்கொழுந்தை மென்றது போலிருந்தது நினைவிருக்கிறது. மரியாதைக்காக விழுங்கினேன். இப்போது அதே கட்டி. செம்மரத்தின் நிறம். வாயில் வைத்ததும் பழைய கிதாபைத் திறந்தால் வருமே ஒரு வாசம், அது. அடியில் இலேசான கற்பூர வாடை. கசப்பு இருக்கிறது, ஆனால் நாக்கில் நிற்காமல் தொண்டைக்குள் இறங்கி, சற்று நேரத்தில் நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் குடித்தது போல இனிக்கிறது. மூன்றாவது ஊற்றில்தான் மிக நன்றாக இருந்தது. ஒருவரும் பேசவில்லை. மூத்த மகள் கோப்பையை முகர்ந்து, “வாப்பாட கடை வாசம்” என்றாள். எனக்கு அப்படித் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பழுக்க வைத்த வகை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கறுப்பாக, கஞ்சி போலக் கனமாக, மழைக்குப் பின் மண் வாசத்தோடு இருந்தது. ராத்தாவுக்கு அதுதான் பிடித்தது. வயிற்றுக்கு இதமாக இருக்கிறதாம். இருக்கட்டும். இந்தத் தேயிலைகளை வியாபாரிகள் கொழுப்பைக் கரைக்கும், சீனி வருத்தத்தைக் குறைக்கும் என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். சகோதரிகளே, நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தேத்தண்ணி தேத்தண்ணிதான், இஷாவுக்குப் பின் குடித்தால் தஹஜ்ஜுத் வரைக்கும் நித்திரை வராது என்பதை மட்டும் நான் சாட்சி சொல்வேன்.

லியூபாவ் தேயிலை குவாங்சி மாகாணத்தது. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலைசெய்த சீனக் கூலிகள் வெக்கைக்குக் குடித்தது இதைத்தான். பாக்கு நறுக்கியது போல ஒரு வாசம். வெற்றிலை போடுகிற வீட்டில் அது உடனே பிடிபட்டது.

செங்கல் தேயிலையை உடைத்ததும் மருமகன், “போச்சு, பூஞ்சணம்” என்று கையை உதறினான். உள்ளெல்லாம் மஞ்சள் பொட்டுகள். அதைத்தான் விற்றவரிடம் முதலில் கேட்டோம். அது கெட்டுப்போனதன் அடையாளமல்ல. ஃபூ செங்கல் எனப்படும் இந்த வகையில் அந்தப் பொன்னிறப் பொட்டைத் தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று வளர்க்கிறார்கள். பொற்பூ என்று அதற்குப் பெயர். வடமேற்குச் சீனத்தின் உய்குர், கஸாக் முஸ்லிம்கள் பாலும் உப்பும் சேர்த்துக் காய்ச்சுவது இத்தகைய செங்கல் தேயிலையைத்தான். ஆனால் கறுப்பாகவோ, பச்சையாகவோ, பஞ்சு போல வெள்ளையாகவோ படர்ந்தால் அது மெய்யான பூஞ்சணம், வீசிவிட வேண்டும். பச்சை வகையில் ஒரு கட்டி அப்படிப் போயிருந்தது. இன்னும் இரண்டு கட்டிகள் சாமான் அறையில் கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச காலம் இருந்தவை. ஊற்றியதும் வீடெல்லாம் கட்டாக் கருவாடு மணத்தது! தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அத்தர் போத்தல், சாம்பிராணி, புடவைக்குப் போடும் நப்தலின் உருண்டை, ஒன்றும் பக்கத்தில் இருக்கக்கூடாது. உங்கள் வீட்டுச் சாதாரணத் தேயிலைப் பேணிக்கும் இது பொருந்தும்.

ஊற்றிக்கொண்டிருந்தபோது பிள்ளைகளுக்கு நான் ஒரு கதை சொன்னேன். ஹிஜ்ரி 237இல், கி.பி. 851இல், சீனாவையும் இந்தியாவையும் பற்றி அரபியில் ஒரு நூல் எழுதப்பட்டது. ஸுலைமான் என்ற வணிகரின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். சீனர்கள் ‘ஸாக்’ என்ற ஓர் இலையைக் கொதிநீரில் போட்டுக் குடிக்கிறார்கள், அது கசப்பானது, ஊர்தோறும் பெருந்தொகைக்கு விற்கப்படுகிறது, அரசனுக்கு அதிலிருந்து வரி வருகிறது என்று அதில் காணப்படுகிறது. சீனத்துக்கு வெளியே தேநீரைப் பற்றி எழுதிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அது. எழுதியவர்கள் போய் இறங்கிய துறைமுகம் கான்ஃபூ. அதுதான் இன்றைய குவாங்சோ. அங்கே முஸ்லிம்களுக்கென்று ஒரு காழியைச் சீன அரசர் நியமித்திருந்ததையும் அதே நூல் சொல்கிறது. ஆக, மச்சான் சரக்கெடுக்கப் போன வழி புதிய வழியல்ல.

யூனானுக்கும் நமக்கும் தொடர்பு இன்னும் நெருக்கம். அங்கிருந்து பர்மா, வட தாய்லாந்து வரை கோவேறு கழுதைகளில் தேயிலையும் பிற சரக்கும் ஏற்றிச் சென்றவர்களில் ஹூய் எனப்படும் சீன முஸ்லிம்கள் பேர்போனவர்கள். தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் அவர்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. கடற்தளபதி செங் ஹோவும் யூனானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்தான். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு அவர் கொண்டுவந்த கல்வெட்டு 1911இல் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. கொழும்பு நூதனசாலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

அலுமாரியின் அடித்தட்டில் மச்சானின் கொப்பி ஒன்று இருந்தது. ஒவ்வொரு கட்டிக்கும் நேரே ‘வீட்டுக்கு’ அல்லது ‘வியாபாரம்’ என்று எழுதியிருந்தார். ரமழான்தோறும் ‘வியாபாரம்’ என்றவற்றுக்கு மட்டும் அன்றைய விலை போட்டு, நாற்பதில் ஒன்று ஸகாத் கணக்கு. 2007இல் சீனாவில் இந்தத் தேயிலையின் விலை, நிலத்தின் விலை போல எகிறி, அதே வருடம் மளமளவென்று சரிந்து, பலர் முதலை இழந்தார்கள். அந்த ரமழானுக்கு எழுதிய விலை, முந்திய வருடத்தில் வெட்டி எழுதிய விலையை விடக் குறைவு. வாங்கிய விலையும் அல்ல, ஆசைப்பட்ட விலையும் அல்ல, அன்றைய சந்தை விலை. வியாபாரப் பொருளுக்குச் சட்டம் அதுதான்.

இனிப் பிள்ளைகள் இதற்கு ஸகாத் கொடுக்க வேண்டுமா என்று மூத்தவள் கேட்டாள். வாரிசுரிமையாக வந்த பொருள், விற்கும் எண்ணத்தோடு வைத்திருந்தாலும், நமது ஷாஃபிஈ மத்ஹபில் வியாபாரப் பொருளாகாது. விற்று, அந்தப் பணம் நிஸாப் அளவுக்கு ஒரு வருடம் கையில் நின்றால் அப்போது பணத்துக்கு ஸகாத். விற்காமல் வைத்துக் குடித்தால் ஒன்றுமில்லை.

அஸருக்குப் பின் பங்கு நடந்தது. எல்லோரும் பருவமடைந்தவர்களாதலால் மனமொத்து எப்படிப் பிரித்தாலும் செல்லும். என்றாலும் ராத்தா முப்பத்திரண்டு கணக்கை விடவில்லை. விலை எவ்வளவு வந்தது என்பதை எழுதுவது முறையல்ல. இளையவளுக்கு ஒரு நல்ல தையல் மெஷின் வாங்கும் அளவுக்கும் அதற்கு மேலும் வந்தது என்று சொன்னால் போதும். மருமகன் தன் பங்கில் பெரும்பாலானதை விற்கப் போகிறான். மூத்தவள் இரண்டை மாமியார் வீட்டாருக்குக் கொடுக்க எடுத்து வைத்தாள். ராத்தா பழுக்க வைத்தவற்றைக் கேட்டு வாங்கினார்.

இளையவள் மட்டும் நெடுநேரம் யோசித்தாள். தன் பங்குக்கு 2006இன் கட்டிகளையே எடுத்துக்கொண்டு, “மாமா, இதில ஒன்றை மட்டும் விற்கிறன். மற்றது இன்னும் பத்து வருசம் கிடந்தா எப்படியிருக்கும்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். கச்சான் தொடங்கப் போகிறது, கதவைத் திறந்து வைக்க மறக்காதே என்று மட்டும் சொன்னேன். மக்ரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் அலுமாரியின் மேல்தட்டைத் துடைத்து, புடவைகளையும் நப்தலின் உருண்டைகளையும் அப்புறப்படுத்தி, மூங்கில் மடலை மறுபடி சுற்றி அடுக்கிவிட்டாள். சாவியை ராத்தா தன் இடுப்பிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார்.